புகார் இல்லாத வருகைகள்

அந்த லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பம்பரம் என்றால்தான் வாசல் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் தெரியும். நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு இப்படி ஒரு பட்டமா என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். அரை நாள் அவளோடு ஒரே அறையில் இருந்தால் சிரிப்பு அடங்கிவிடும். உட்காருவாள், எழுந்திருப்பாள், ஜன்னல் வரை போவாள், பாதியில் எதற்குப் போனோம் என்று மறந்து திரும்புவாள். போகிற வழியில் அடுத்தவர் மேசையில் சாய்ந்திருக்கும் கோப்பையை நிமிர்த்தி வைப்பாள்.

புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுக்கிற வேலையில்தான் அவள் சேர்ந்தாள். காதில் மாட்டுகிற கருவியின் ஒயர் குட்டையாக இருந்ததால் முதல் மாதம் அவளுக்குக் கட்டிப்போட்டது போல இருந்தது. நச்சரித்து நச்சரித்து நீளமான ஒயர் வாங்கினாள். அதற்குப் பிறகு அந்த அறையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே பேசினாள். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து அலறுகிறவர்களிடம், "பதறாதீங்க, கதவைத் தள்ளாதீங்க, காத்து வந்துக்கிட்டேதான் இருக்கும், ஆள் கிளம்பியாச்சு" என்று அவள் சொன்னால் எதிர்முனையில் மூச்சு சீராகும். தன்னால் ஒரு நிமிடம் சும்மா இருக்க முடியாதவள் ஊரையெல்லாம் சும்மா இருக்கச் சொல்கிறாளே என்று கூட வேலை பார்த்தவர்கள் கிண்டல் செய்தார்கள்.

அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். சுபாவத்திலேயே நிதானமான மனிதர். "நான் உட்கார்ந்துக்கிட்டே ஊரெல்லாம் சுத்துறேன். நீ நின்னுக்கிட்டே இருந்த இடத்துல சுத்துற" என்பார். அவருடைய ஒரே தம்பி அதே நிறுவனத்தில் மெக்கானிக். புகார்ப் பிரிவில் ஆள் தேவை என்று வந்து சொன்னவனே அந்தக் கொழுந்தன்தான். அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் தொழிற்பயிற்சி படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வீடு பார்த்து, பெண் பார்த்து, தனிக்குடித்தனம் வைத்துக் கொடுக்கும்வரை அவள் கையால்தான் சாப்பிட்டான். அண்ணனிடம் சொல்லாததைக்கூட அண்ணியிடம் சொல்வான்.

சில வருடங்களுக்கு முன் நிறுவனம் எல்லா மெக்கானிக்குகளின் போனிலும் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தது. வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். வேலை எந்த வழியில் நடக்க வேண்டும் என்று ஒரு படமும் வரைந்து வைத்தார்கள். புகார் பதிவாகும், மெக்கானிக் புறப்படுவார், வந்து சேருவார், பழுது நீக்குவார், ஆய்வு நடக்கும், கடைசியில் லிஃப்ட் மக்களிடம் ஒப்படைக்கப்படும். இதில் ஆய்வை மட்டும் பழுது பார்த்தவரே செய்யக் கூடாது. ஆய்வாளர் என்று தனியாக ஒருவர் நேரில் வந்து பார்த்து, தன் கடவுச்சொல்லை இட்ட பிறகுதான் லிஃப்ட் ஓடலாம்.

பொத்தான்களிலிருந்து குவிகிற பதிவுகளை அந்தப் படத்தோடு ஒப்பிட்டுக் காட்ட ஒரு கணினி நிரல் வாங்கினார்கள். படத்தின்படி நடந்த வேலைகள் நீலக் கோடாகத் தெரியும். வழி தப்பியவை சிவப்பாகத் தெரியும். அதைப் பார்க்க வந்த படித்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வேறு நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். பம்பரமோ அவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று, "இந்தக் கோடு ஏன் இங்க வளையுது? இது ஏன் திரும்பி வருது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவள். கடைசியில் மேலாளர் கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்களே உட்கார்ந்து பாருங்கம்மா, என்னை விடுங்க" என்றார். மாலை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு அவளும் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த அழகு உலகத்துக்கே தெரியும்.

அந்த நிரலில் அபூர்வமான வழிகளை மறைப்பதற்கென்று, திரையில் இழுத்து நகர்த்துகிற ஒரு நகர்த்தி இருந்தது. அதை ஒரு பக்கம் தள்ளினால் மெல்லிய சிவப்புக் கோடுகள் மறைந்து படம் துடைத்து வைத்தது போல இருக்கும். மேலாளருக்கு அப்படிப் பார்க்கத்தான் பிடிக்கும். "சில்லறைக் கோடெல்லாம் எதுக்கு? தலைவலி" என்பார். அவர் அந்தப் பக்கம் போனதும் பம்பரம் அதை மறுகோடிக்குத் தள்ளிவிடுவாள். சிலந்தி வலை மாதிரிக் கோடுகள் திரையெல்லாம் பரவும். அதைப் பார்த்தால்தான் அவளுக்கு ஊர் நிஜமாக இருப்பது போலத் தோன்றும்.

ஒரு நாள் காலை அப்படித் தள்ளியபோதுதான் தலையில்லாத அந்தக் கோடு கண்ணில் பட்டது. புகார் இல்லை, புறப்பாடு இல்லை. நேரடியாக "வந்து சேர்ந்தார்" என்று தொடங்கி அங்கேயே முடிந்தது. யாரும் கூப்பிடாத லிஃப்டுக்கு மெக்கானிக் எதற்குப் போக வேண்டும்? கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் அதில் ஒட்டியிருக்கும் குறியீட்டைப் போனில் காட்டியாக வேண்டும். அந்தப் பதிவுதான் விழுந்திருக்கிறது. சரி, யார் என்று திறந்து பார்த்தாள். இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். ஆனால் திரும்பத் திரும்ப வந்தது ஒரே ஆள். அவள் கொழுந்தன்.

நிறுவன நேரத்தில், நிறுவனக் கருவிகளோடு வெளிவேலை பார்க்கிறான் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. எழுந்து ஜன்னலுக்குப் போனாள். திரும்பி வந்தாள். நகர்த்தியை இந்தப் பக்கம் தள்ளினாள். கோடு மறைந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. மறுபடி அந்தப் பக்கம் தள்ளினாள்.

அந்த வாரம் வீட்டில் ஒரு பொருள் வைத்த இடத்தில் இல்லை. துணி அலமாரியைக் காலி செய்து அடுக்கினாள், அடுக்கியதை மறுபடி கலைத்தாள். காப்பியில் இரண்டு முறை சர்க்கரை விழுந்தது. "என்ன ஆச்சு உனக்கு?" என்றார் கணவர். "ஒண்ணும் இல்லைங்க" என்றாள். சொன்னால் அவர் நேராகத் தம்பிக்குப் போன் போட்டுவிடுவார். அவர் சுபாவம் அப்படி.

விடுமுறை நாளில் கொழுந்தன் மனைவியோடு வந்தான். ஓர்ப்படி சமையலறைக்குள் போனதும் பம்பரம் அவனைப் பால்கனிக்கு இழுத்துப் போனாள்.

"தம்பி, கூப்பிடாத இடத்துக்கெல்லாம் நீ எதுக்குப் போற?"

"எந்த இடத்துக்கு அண்ணி?"

"நடிக்காத. பெட்டியைத் திறந்திருக்க. பதிவு இருக்கு."

அவன் கொடியில் காய்ந்த துண்டை எடுத்து ஒழுங்காக மடித்தான். ஒழுங்காக மடிக்கத் தெரிந்தவனே அல்ல. "அந்த ஆப் தப்புத் தப்பா காட்டும் அண்ணி. பழைய போன் வேற."

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

"சாப்பாடு ஆறுது" என்று உள்ளே போய்விட்டான். சாப்பிடும்போது அண்ணனிடம் பேருந்தின் பிரேக்கைப் பற்றி ஓயாமல் பேசினான். அவளைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை, அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் மேலாளர் அவள் திரையைப் பார்த்துவிட்டார். நகர்த்தி மறுகோடியில் இருந்தது.

"என்னம்மா இது, ஆரம்பமே இல்லாத கோடு? யாரு இவங்க? தனியா தொழில் பண்றாங்களா?"

"தெரியல சார். பார்த்துச் சொல்றேன்."

"இந்த வாரத்துக்குள்ள பேரோட வேணும். ரெண்டு பேரை வெளிய அனுப்பினா மத்தவன் ஒழுங்கா இருப்பான்."

அவளால் அதற்கு மேல் நாற்காலியில் இருக்க முடியவில்லை. பதிவுகளில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் அடிக்கடி வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேருந்து பிடித்து அங்கே போய் இறங்கினாள். கீழே காவலாளி நாற்காலியில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"லிஃப்ட் மெக்கானிக்கா? இப்பதான் மேல போனாரு. நல்ல மனுஷன். கூப்பிடாமலே வர்றாரு."

"காசு ஏதாவது வாங்குவாரா?"

"சேச்சே. ஒரு டீகூடக் குடிக்க மாட்டாரு. அவசர அவசரமா போவாரு, அவசர அவசரமா இறங்குவாரு."

அவள் படியேறினாள். நடு மாடியிலேயே மூச்சு வாங்கியது. நிற்காமல் மொட்டை மாடி வரை போனாள். இயந்திர அறையின் கதவு திறந்திருந்தது. எண்ணெய் வாடை அடித்தது. கொழுந்தன் முழங்காலிட்டு, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, பிரேக்கின் இரும்புக் கைகளுக்கிடையே விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் டார்ச் கீழே விழுந்தது.

"அண்ணி! படியேறியா வந்தீங்க?"

"நீ லிஃப்டை நிறுத்தி வெச்சா வேற எப்படி வர்றது? சொல்லு. இங்க என்ன பண்ற?"

அவன் கையைத் துடைத்தான். துடைத்த கையை மறுபடி துடைத்தான். "போன வாரம் இதுக்குப் பிரேக் மாத்தினேன். சரியா பிடிக்குதான்னு பார்க்க வந்தேன்."

"அதைப் பார்க்கத்தானே ஆய்வாளர் இருக்கார்? வந்து பார்த்ததா பதிவு சுத்தமா இருக்கே."

"அவர் எங்க வந்தாரு?" என்றான். "இந்த ஊர் முழுசுக்கும் ஒரே ஆள். கூப்பிட்டா சாயங்காலம் வர்றேம்பாரு. அதுவரைக்கும் லிஃப்ட் ஓடாது, ஜனங்க என் சட்டையைப் பிடிப்பாங்க, உங்க ஆபீஸ்ல இருந்து ஏன் லேட்டுன்னு கேட்பாங்க. கடைசியில அவரே பாஸ்வேர்டை எங்க எல்லாருக்கும் சொல்லிட்டாரு. நீங்களே போட்டுக்குங்கப்பான்னு."

"நீயும் போட்ட."

"போட்டேன். எல்லாரும் போடுறாங்க. ஆனா வீட்டுக்குப் போனா மனசு கேட்கல. நான் முடுக்கினதை நானே சரின்னு சொல்லிட்டேனேன்னு இருக்கும். அதான் நடுவுல நேரம் கிடைச்சா ஓடி வந்து ஒரு தடவை பார்த்துட்டுப் போறது."

பம்பரத்துக்கு ஒரு கணம் உடம்பெல்லாம் லேசானது. வெளிவேலை இல்லை, திருட்டு இல்லை. அடுத்த கணமே அந்த லேசு போய்விட்டது.

"போட்ட எல்லாத்துக்கும் திரும்பிப் போயிருக்கியா?"

அவன் டார்ச்சை எடுத்து அணைத்தான், போட்டான், அணைத்தான்.

"தம்பி, கேட்கிறேன்ல?"

"எல்லாத்துக்கும் எப்படி அண்ணி போக முடியும்?"

திரும்பிப் பேருந்தில் வரும்போது அவளுக்கு உட்கார இடம் கிடைத்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நாளும் சிவப்புக் கோட்டை முறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பொய் நீலக் கோட்டுக்குள் அல்லவா இருந்திருக்கிறது! புகார், பழுது நீக்கம், ஆய்வு, ஒப்படைப்பு என்று படத்தில் உள்ளபடியே நடந்த வேலைகளில் ஆய்வுக்கு ஆளே வரவில்லை. படத்தில் இல்லாத வழியில்தான் யாரோ உண்மையிலேயே போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

அலுவலகத்தில் அதுவரை பதிவுகளைப் புகார்வாரியாகத்தான் அடுக்கியிருந்தார்கள். ஒரு புகார் முடிந்தால் அதன் கதையும் முடிந்தது. அதன் பிறகு வந்த வருகை அநாதையாக வேறெங்கோ கிடந்தது. அவள் அதைக் கலைத்து லிஃப்ட்வாரியாக அடுக்கினாள். அநாதையாகக் கிடந்த வருகைகள் ஒவ்வொன்றும் தத்தம் லிஃப்டின் பழுதுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டன. அடுத்து ஆய்வாளரின் பதிவுகளை மட்டும் தனியாகப் பிரித்தாள். மனிதர் ஒரே நேரத்தில் நகரத்தின் இரண்டு மூலைகளில் நின்றிருந்தார். சில நாட்கள் மூன்று மூலைகளில். இப்படி நம்ப முடியாத ஆய்வுகளில், பின்னால் எந்த வருகையும் சேராமல் நின்றவை எவை என்று நிரலைக் கேட்டபோது, திரையில் லிஃப்டுகளின் எண்கள் வந்து விழுந்தன. பிரேக் கழற்றிப் பூட்டப்பட்டவை. பூட்டியவரைத் தவிர வேறு யாரும் பார்க்காதவை. இதோ இந்த நிமிடமும் ஆளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறவை.

மேலாளர் அறைக்கு ஓடினாள். அவர் தலைமை அலுவலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். கையால் அப்புறம் என்று சைகை காட்டினார். நின்றாள். மறுபடி சைகை காட்டினார், இந்த முறை எரிச்சலோடு. கணவரைக் கூப்பிடலாமா என்று போனை எடுத்தாள். இந்த நேரத்தில் அவர் வண்டியோட்டிக்கொண்டிருப்பார், எடுக்க மாட்டார். எடுத்தாலும் என்னவென்று சொல்வது? உங்கள் தம்பியின் வேலைக்கு உலை வைக்கப் போகிறேன் என்றா?

அவள் கால்கள் தாமாகப் பழைய புகார்ப் பிரிவுக்குப் போயின. அங்கிருந்த பெண்ணிடம், "கொஞ்சம் எழுந்திரும்மா" என்று சொல்லிக் கருவியைத் தன் காதில் மாட்டிக்கொண்டாள். ஒவ்வொரு கட்டடமாகக் கூப்பிட்டாள்.

"லிஃப்ட் கம்பெனியிலிருந்து பேசுறேன். உடனே லிஃப்டை நிறுத்துங்க. உள்ள ஆள் இருந்தா இறங்கவிட்டு நிறுத்துங்க. ஆமா, நல்லா ஓடுதுன்னு தெரியும். இருந்தாலும் நிறுத்துங்க. யாராவது கேட்டா என்னைக் கை காட்டுங்க."

பாதிக் கட்டடங்களைக் கூப்பிடுவதற்குள் மற்ற தொலைபேசிகள் அலறத் தொடங்கின. சக்கர நாற்காலியோடு மேலே மாட்டிக்கொண்டவர் ஒருவர், சாமான் இறக்க வந்த வண்டிக்காரர் ஒருவர் என்று எல்லோரும் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். மேலாளர் முகம் சிவந்து ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டு நிறுத்துனீங்க? பைத்தியமா உங்களுக்கு?"

"ஆய்வு நடக்காத லிஃப்ட் சார்."

"நீலக் கோடுல இருக்கே! நானே பார்த்தேனே!"

"அந்த நீலக் கோட்டை மெக்கானிக்குங்களே போட்டுக்கிட்டாங்க. ஆய்வாளர் பாஸ்வேர்டு எல்லார்கிட்டயும் இருக்கு." அவள் நின்றாள். "என் கொழுந்தன்கிட்டயும் இருக்கு. நீங்க பேர் கேட்டீங்கல்ல, முதல் பேர் அவன்தான். நீங்க கேட்ட அந்த ஆரம்பமில்லாத கோடும் அவன்தான். திருட்டு வேலை இல்ல. பயந்து திரும்பப் போய்ப் பார்த்திருக்கான்."

மேலாளர் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "மிச்சம் இருக்கிற கட்டடத்தையும் கூப்பிடுங்க" என்றார்.

வேறு கிளைகளிலிருந்து ஆய்வாளர்களை வரவழைத்து, நிறுத்திய எல்லாவற்றையும் பார்த்தார்கள். அநேகமாக எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஒன்றில் மட்டும் பிரேக்கின் நட்டு ஒன்று முழுதாக முடுக்கப்படாமல் இருந்தது. அந்த லிஃப்டில் பழுது நீக்கியவர் என்று பதிவாகியிருந்தது அவள் கொழுந்தன் பெயர்.

அதை அவள்தான் அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவன் நிறுவன வாசலில் பைக்கின் மேல் சாய்ந்து கேட்டான். எந்தக் கட்டடம் என்று கேட்டான். சொன்னாள். "அங்கதான் போகணும்னு இருந்தேன்" என்றான். "நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே வந்தேன்." அதற்குப் பிறகு அவன் அவளிடம் பேசவில்லை.

அடுத்தவர் கடவுச்சொல்லைப் பயன்படுத்தியவர்கள் எல்லோரையும் சில மாதங்கள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஆய்வாளரை விசாரித்தபோது, இன்னொரு ஆள் வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டதாகவும், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றும் சொன்னார். அது உண்மையென்று மேலாளருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவர் இடத்தில் மூன்று பேரைப் போட்டார்கள்.

விஷயம் தெரிந்த நாளில் கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா தடுத்திருப்பீங்க."

"தடுத்திருக்க மாட்டேன்" என்றார். கொஞ்சம் யோசித்து, "தெரியல" என்றார். தட்டை மறுபடி பக்கத்தில் இழுத்துக்கொண்டார், ஆனால் சாப்பிடவில்லை. "அந்த லிஃப்டுல நாம போயிருந்தா என்னன்னுதான் திரும்பத் திரும்பத் தோணுது. இனிமே அவன் முகத்தை நான் எப்படிப் பார்க்கிறது?"

ஓர்ப்படி ஒரு நாள் தனியாக வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, முன்கூட்டியே எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப?"

"அழுதிருப்பேன். அதுக்காவது நேரம் கொடுத்திருக்கலாம்."

பம்பரம் கதவை அகலத் திறந்தாள். உள்ளே வா என்றாள். அவள் வந்தாள், தண்ணீர் குடித்தாள், போய்விட்டாள். அன்றைக்குப் பம்பரம் வீட்டிலிருந்த ஜன்னல்களையெல்லாம் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துணியைக் கீழே வைக்கவில்லை. தான் செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. சரியாகச் செய்தால் மனசு ஆறும் என்று நினைத்திருந்தாள். அந்தக் கணக்குத்தான் தப்பாகிப்போனது.

கொழுந்தனைத் திரும்ப வேலைக்கு எடுத்தபோது மழைக்காலம் தொடங்கிவிட்டது. அண்ணனைப் பார்க்க வந்தான், அண்ணியின் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டான், பேச்சு மட்டும் இல்லை. நிறுவனத்தில் இப்போது ஆய்வாளர் வந்து தன் விரல் ரேகையை வைத்தால்தான் லிஃப்ட் நகரும். அதனால் பழுது நீக்கத்துக்கும் ஆய்வுக்கும் இடையே காத்திருப்பு நீண்டுபோனது. திரையில் அந்த இடம் தடித்து வீங்கித் தெரிந்தது. மூன்று பேர் போதாது என்று அவள் மேலாளரிடம் சொல்லப் போனாள். "இன்னும் என்னம்மா?" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் அங்கிருந்து நகரவில்லை. கடைசியில் நாலாவது ஆளுக்கு எழுதிக் கேட்டார்.

அந்த நாட்களில் ஒரு மதியம் புகார்ப் பிரிவுப் பெண் அவளைத் தேடி ஓடி வந்தாள். யாரோ மெக்கானிக் உங்களிடம்தான் பேசுவேன் என்கிறார் என்றாள். பம்பரம் போய்க் கருவியை வாங்கினாள்.

"ஆய்வாளர் இன்னும் வரல." அண்ணி என்று கூப்பிடவில்லை. ஆனால் குரல் அவனுடையதுதான். பின்னால் ஆட்கள் கத்துவது கேட்டது. "எல்லாரும் என்னைச் சுத்தி நிக்கிறாங்க. ஓட்டிவிடுடாங்கிறாங்க. ஒரு கிழவர் பையால அடிக்க வர்றாரு."

"நீ எங்க நிக்கிற?"

"லிஃப்ட் வாசல்லதான். யாரையும் ஏறவிடாம."

"ஆய்வாளர் பாலத்துக்கிட்ட நெரிசல்ல மாட்டிக்கிட்டார். நான் இப்பதான் திரையில பார்த்தேன். வந்துடுவார்."

"உங்களாலதான் நான் இங்க நின்னு திட்டு வாங்குறேன்."

"தெரியும்."

அவன் இணைப்பைத் துண்டிக்கவில்லை. "இவங்ககிட்ட நீங்களே பேசுங்க அண்ணி, எனக்குப் பேசத் தெரியல" என்றான். போன் கைமாறுகிற சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெரியவர், "யாரும்மா நீ? என்னதான் நடக்குது இங்க?" என்று சீறினார்.

பம்பரம் நடந்துகொண்டே பேசத் தொடங்கினாள்.